பாசி பிடித்த பைத்தியம்

பாசியைப் பற்றிக் கதைக்கப்போகிறேன், தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! கிணற்றடியில் ஆளை வழுக்கி விழுத்துகிற பாசி இல்லை இது. கடற்பாசி. அதுவும் கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாத அலுவிகாரையில், மிளகுக் கொடிக்கும் கொக்கோ மரத்துக்கும் நடுவில், எங்கள் வீட்டு முன்னறையில், ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்கிற அசல் கடற்பாசி. ஏ9 வீதியில் மாத்தளை தாண்டித் தம்புள்ளைப் பக்கம் போகிற வாகனமெல்லாம் குகை விகாரைக்காக இங்கே நிற்கும். திரிபிடகத்தை முதன்முதலில் ஓலையில் எழுதிய இடம், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டு, சும்மாவா! வருகிறவர்கள் விகாரையைப் பார்க்கிறார்கள், வாசனைத் திரவியத் தோட்டத்துக்குப் போய் எண்ணெய்ப் போத்தல் வாங்குகிறார்கள், பிறகு வண்டியேறிப் போய்விடுகிறார்கள். நாலு எட்டு நடந்தால் என் வீட்டில் கடல் இருக்கிறது என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கால் துடிக்கும். ஒரு முறை சொல்லியும் இருக்கிறேன். ஜேர்மன்காரர் ஒருவர் உள்ளே வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் கல்பவளம் கிடையாது. இலங்கைக் கடலில் அது சட்டம் காக்கிற உயிர், உடைக்கவோ எடுக்கவோ கூடாது. பாறையெல்லாம் சீமெந்தும் சிப்பித் தூளும் கலந்து நானே வார்த்து, காரம் போகும்வரை தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தவை. உப்பு பையில் வருகிறது. சவ்வு வைத்து வடித்த தண்ணீரில் லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்து, 26 பாகை வெப்பத்தில் வைத்தால் அதுதான் கடல். ஒரு சோடி கோமாளி மீன், ஒரு ஒரா, புல்வெட்டி என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடுகிற ஒரு பிளெனி, ஒரு துப்புரவு இறால், நத்தைகள். இவ்வளவுதான் குடித்தனம். இதில் மீனைப் பார்க்கத்தான் எல்லாரும் வருவார்கள். நான் அவர்களை மெல்லத் தோளில் கைபோட்டுப் பாசிப் பக்கம் திருப்பிவிடுவேன்!

ஏனென்றால் பாசி என்று ஒன்று இல்லவே இல்லை. பழுப்புத் தூள் ஒன்று, சிவப்புத் தோல் ஒன்று, பச்சை முடி ஒன்று, பச்சைக் குமிழி ஒன்று, சளி ஒன்று, இளஞ்சிவப்புக் கல் ஒன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு குலம், வேறு வேறு பசி, வேறு வேறு மருந்து. ஒன்றுக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றுக்குத் தீனியாகிவிடும்! யார் வந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே முக்கால்வாசி இன்பம் இருக்கிறது. துப்பறியும் கதை வாசித்து விடிய விடிய விழித்திருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

புதுத் தொட்டிக்கு முதல் விருந்தாளி டயற்றம். மணலெல்லாம் பழுப்புத் தூள் படியும், கண்ணாடியை விரலால் வழித்தால் விரலும் பழுப்பாகும். பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நானோ அதை ஒரு சொட்டு எடுத்து மகளின் நுணுக்குக்காட்டியில் வைத்தேன். அவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள், அந்தக் கருவி அவளுக்கென்று வாங்கியது, இப்போது அதற்கு யார் சொந்தக்காரர் என்று வீட்டில் வழக்கு நடக்கிறது. ஐயோ, என்ன சொல்வது! தங்க நிறத்தில் குட்டிக் குட்டிப் படகுகள், பெட்டிகள், ஊசிகள், எல்லாம் கண்ணாடியால் செய்தவை. ஆமாம், மெய்யான கண்ணாடி. தண்ணீரில் கரைந்திருக்கிற சிலிக்காவை எடுத்துத் தனக்குத் தானே கூடு கட்டிக்கொள்கிற உயிர் அது. உலகத்தில் நடக்கிற ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தூசியின் வேலை. இதற்கு மருந்தே வேண்டாம், பொறுமை போதும். புதுப் பாறையிலும் மணலிலும் இருக்கிற சிலிக்கா தீர்ந்ததும் சில கிழமைகளில் தானாகவே மெலிந்துவிடும். தீராமல் திரும்பத் திரும்ப வந்தால் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும், வடிகட்டியை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். போனபோது எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

அடுத்தது சிவப்பு. இதைப் பாசி என்றே சொல்லக்கூடாது, இது சயனோபக்டீரியா. மணலின்மேல் ஊதா கலந்த சிவப்பில் வழுவழுவென்று ஒரு தோல் விரிக்கும், விளக்கு எரிய எரிய அதன்மேல் முத்து முத்தாய் ஒட்சிசன் குமிழி ஏறும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோலாகவே உரிந்துவரும். அந்த வாடையை மட்டும் கேட்காதீர்கள். நீரோட்டம் எட்டாத மூலையில், மீன்தீனி அழுகித் தேங்குகிற இடத்தில் முளைக்கும். சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து, அந்த மூலைக்கு ஒரு பம்பியைத் திருப்பிவைத்து, தீனியைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல! இதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் நான் எழுந்து விகாரைப் பக்கம் ஓடினேன், செருப்புக்கூட சோடி மாறிப் போயிருந்தது. அந்தப் பெரிய பாறைகளைப் பார்த்திருப்பீர்கள், மழைத்தண்ணீர் வழிகிற தடமெல்லாம் மேலிருந்து கீழே கறுப்புக் கோடு கோடாய் இறங்கியிருக்கும். நான் பிறந்ததில் இருந்து அதை அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். வெப்பநாட்டுப் பாறைகளில் அப்படி இறங்குகிற கறுப்பு பெரும்பாலும் சயனோபக்டீரியாதானாம்! என் தொட்டியில் சிவப்பாய் விரிகிறதே, அதனுடைய சொந்தக்காரர். ஏறத்தாழ 240 கோடி வருடத்துக்கு முன்பு பூமியின் காற்றில் ஒட்சிசனை நிரப்பத் தொடங்கிய குலம், நானும் நீங்களும் மூச்சுவிடுகிறோம் என்றால் அவர்கள் போட்ட பிச்சை, அவர்கள் என் வீட்டு முன்னறையிலும் இருக்கிறார்கள், பிக்குமார் ஓலை எழுதிய பாறையிலும் இருக்கிறார்கள், இதை யாரிடமாவது உடனே சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று படிக்கட்டில் நின்ற அனுமதிச்சீட்டுக்காரரைப் பிடித்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, இன்றைக்கு உள்ளே போகிறீங்களா இல்லையா என்று கேட்டார்.

பச்சை முடிப்பாசி எல்லாருக்கும் தெரிந்த எதிரி. மெல்லிய நூல், இழுத்தால் அறுந்து கையோடு வரும், நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடினால் இரண்டு நாளில் பாறைக்கே முடி வளர்த்துவிடும். ஒரு நூலை எடுத்து வெள்ளைப் பீங்கானில் விரித்துப் பாருங்கள். வெறும் நூலாக இருந்தால் கையால் பிடுங்கி, மேய்கிறவர்களை விட்டால் போதும். இரண்டு பக்கமும் கிளை ஒழுங்காய் அடுக்கி ஒரு இறகாய் விரிந்தால் அது பிரையொப்சிஸ், கில்லாடி! மீனும் தொடாது, நத்தையும் தொடாது, ஒரு துண்டு மிஞ்சினால் அதிலிருந்து மறுபடி தோப்பு. அதற்குத் தொட்டிக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஃப்ளுகோனசோல். ஆமாம், பாமசியில் பங்கசு நோய்க்குக் கொடுக்கிற அதே மாத்திரை! மனிதருக்கு எழுதுகிற மருந்து கடற்பாசியைக் கொல்லும் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ, அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்ற வேண்டும்.

மேய்கிறவர்கள் என்றேனே, அதைப் பார்க்க வேண்டும் நீங்கள்! புல்வெட்டி பிளெனி இருக்கிறதே, தடித்த உதட்டைக் கண்ணாடியில் அழுத்திச் சீப்புப் பல்லால் ஒரு உரசு, தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை, மறுபடி ஒரு உரசு, விடிந்ததும் கண்ணாடி முழுக்க உதட்டு முத்திரை! ஒராமீனோ இன்னும் ஒரு படி மேல். யாழ்ப்பாணத்து நண்பர் வந்தபோது தொட்டியைப் பார்த்துவிட்டு, "மச்சான், இது குழம்புச் சட்டியிலே இருக்க வேண்டிய சாமான்" என்றார். நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை. முதுகில் 13, அடியில் 7, வயிற்றுச் செட்டையில் 4, எல்லாம் நஞ்சு முள், தொட்டிக்குள் கை விடும்போது நான் அவருக்கு வழிவிட்டுத்தான் நிற்பேன். அந்தச் சின்ன வாயால் முடிப்பாசியைக் கொறிக் கொறி என்று கொறிக்கிற வேகம்! நீங்கள் காதைக் கண்ணாடியில் வைத்தால் சத்தம்கூடக் கேட்கும் என்று நான் சொல்கிறேன், கேட்காது என்று மனைவி சொல்கிறாள். எனக்குக் கேட்கிறது.

குமிழிப்பாசியைச் சொல்லாமல் விட முடியுமா! வலோனியா. பாறை இடுக்கில் பளபளவென்று ஒரு பச்சைக் குண்டு, வெளிச்சம் பட்டால் வெள்ளி மினுக்கும். அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு நினைத்துப் பாருங்கள், அந்த முழுக் குண்டும் ஒரே ஒரு கலம்! உடம்பில் கோடிக்கணக்கான கலம் இருக்கிற நான், ஒற்றைக் கலத்தை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு, கிள்ளிக்கூடப் பார்க்கலாம் என்கிற நிலையில் நிற்கிறேன்! சில கடல்களில் 5 சென்ரிமீற்றர் வரைகூட வளருமாம். கிள்ளக்கூடாது, உடைந்தால் உள்ளேயிருந்து வித்து சிந்திப் பெருகும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் ஒன்றும் ஆகாது, உடைத்துக் கழுவு என்று இன்னொரு கட்சி. நான் பாறையோடு வெளியே எடுத்து வாளித் தண்ணீரில் வைத்துப் பிடுங்குகிறவன், இரண்டு கட்சிக்கும் வாக்குப் போட்டவன்.

சரி, இப்போது மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். டைனோ. முன்னே சளி என்றேனே, அவர்தான். இந்த ஒரு பகுதிக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

காலையில் மணல் வெள்ளை வெளேரென்று இருக்கும், விளக்குப் போட்டு மதியமானால் பழுப்புச் சளி நூல் நூலாய்ப் பாறையில் தொங்கும், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு குமிழி மேலே இழுத்துக்கொண்டு நிற்கும், விளக்கை அணைத்தால் ராத்திரியில் மாயம், மறுநாள் மறுபடி வரும். நத்தைகள் ஒவ்வொன்றாய்ப் பிடிவிட்டு விழத் தொடங்கும். டயற்றமா, சயனோவா, டைனோவா? ஒரு சோதனை இருக்கிறது. சளியை ஒரு சின்னப் போத்தலில் எடுத்து நன்றாகக் குலுக்கிக் கோப்பி வடிக்கிற தாளில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மற்றதென்றால் தண்ணீர் தெளிவாகவே கிடக்கும். டைனோ என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் மறுபடி கூடி நூல் கட்டும். வைத்தேன். குசினி மேசையில் விளக்குக்குக் கீழே போத்தலை வைத்துவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன், சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள், போகவில்லை. கட்டியது! தண்ணீருக்கு நடுவில் ஒரு மெல்லிய இழை, பிறகு இன்னொன்று, அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டன, எனக்குக் கை நடுங்குகிறது, சொட்டுக் குழாயால் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன், கடவுளே, ஆட்டம்! கண்ணீர்த்துளி வடிவத்தில் பொன்பழுப்பு உயிர்கள், ஒவ்வொன்றும் கூர் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிற்றால் கட்டப்பட்டு, முளைக்கம்பைச் சுற்றுகிற ஆட்டுக்குட்டியாய்ச் சுற்றிச் சுற்றி வருகின்றன, ஒன்றா இரண்டா, பார்வை எட்டுகிற வட்டம் முழுக்க அப்படியே, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று கயிறு அறுந்து பாய்கிறது, இது ஒஸ்ட்ரியொப்சிஸ், ஒஸ்ட்ரியொப்சிஸேதான், என்று நான் போட்ட சத்தத்தில் மகள் எழும்பி வந்து "அப்பா, மணி பன்னிரண்டு!" என்றாள். நான் அவள் தலையைப் பிடித்துக் கருவியில் வைத்தேன். ஐந்து விநாடி பேசாமல் நின்றாள். பிறகு "அம்மா, இங்கே வாங்களேன்!" என்று அவள் போட்ட சத்தம் என்னுடையதைவிடப் பெரிது.

பெயர் தெரிந்துவிட்டால் பிறகு என்ன பயம்! டைனோவின் குணம் எல்லாம் தலைகீழ். மற்றப் பாசிக்குத் தண்ணீரில் சத்து குறைய வேண்டும். இதுவோ, சத்து சுத்தமாய் வற்றி, போட்டியாளர் எல்லாம் பட்டினியில் ஒழிந்த தொட்டியில்தான் ராச்சியம் நடத்தும். ஆகவே தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் நாமே அளந்து ஊட்ட வேண்டும். பாசி பிடித்த தொட்டிக்கு உரம் போடுகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்! ஒஸ்ட்ரியொப்சிஸ் ராத்திரியில் பிடிவிட்டுத் தண்ணீரில் மிதக்கிற சாதி என்பதால் அந்த நேரம் தண்ணீரைப் புறஊதா விளக்குக்குள்ளே ஓடவிட்டால் கூட்டம் கூட்டமாய்ச் சாகும். ஆம்பிடினியம் என்கிற இன்னொரு வகை மணலை விட்டு எழும்பாது, அதற்கு அந்த விளக்கால் பெரிய பயன் இல்லை. பார்த்தீர்களா, வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்புத்தான், கருவியில் பார்த்தால்தான் எந்த மருந்து என்று முடிவெடுக்கலாம்! கொஞ்சம் கொஞ்சமாய் நூல் மெலிந்தது, குமிழி குறைந்தது, ஒரு நாள் மதியம் மணல் வெள்ளையாகவே இருந்தது, வீட்டில் பாயாசம் காய்ச்சச் சொன்னேன், காய்ச்சவும் செய்தார்கள்.

சத்துக் கணக்கில் இன்னொரு ருசி இருக்கிறது. கடல் மிதவை உயிர்களின் உடம்பில் காபன் 106 பங்கு என்றால் நைதரசன் 16, பொசுபரசு 1 என்று ஒரு விகிதம். அல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1934 இல் தொடங்கிவைத்த கணக்கு. நானும் சோதனைக் குழாயில் துளி விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு வைத்துப் பார்த்து, நைத்திரேற்று லீற்றருக்கு 5 மில்லிகிராம், பொசுபேற்று 0.05 என்று சுவர் நாட்காட்டியில் எழுதுகிறேன். பால்காரர் கணக்கும் அதே தாளில்தான். கூடுகிற சத்தைத் தின்ன ஆள் வைத்திருக்கிறேன், அதுவும் பாசியே! கீழ்த்தொட்டியில் கீற்றோமோர்ஃபா என்கிற பச்சைச் சுருள் ஒரு பந்து, கூடவே கிரசிலேரியா, மேலே விளக்கு அணைந்ததும் கீழே விளக்கு எரியும். அவர்கள் சத்தைக் குடித்துக் கொழுக்க, மேலே இருக்கிற முடிப்பாசி பட்டினி. இந்தக் கிரசிலேரியா யார் தெரியுமா? கற்பிட்டிக் களப்பில் விளைந்து ‘சிலோன் மொஸ்’ என்று ஒரு காலத்தில் சீமைக்கெல்லாம் போன அதே குடும்பம், நோன்பு காலத்தில் பக்கத்து வீட்டு ராத்தா தட்டில் துண்டு போட்டு அனுப்புகிற கடற்பாசி இனிப்பின் மூலப்பொருளும் இந்த வகைதான். நான் ஒரு பிடி அறுத்து ஒராவுக்குப் போடுவேன். அவருக்கு நோன்பும் இல்லை, பெருநாளும் இல்லை, எப்போதும் பந்திதான்.

மின்கட்டணம் கேட்கிறீர்களா? கேட்காதீர்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நிலாவெளிக்குப் போய்ப் பாருங்கள், உங்களை நான் கெஞ்சிக் கேட்கிறேன்! எங்களூரில் இருந்து ஹபரணை வழியே விடியப் புறப்பட்டால் காலைச் சாப்பாட்டுக்குத் திருகோணமலை. புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்கா ஆனது, படகில் சில நிமிடம், முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்தால் போதும். எல்லாரும் சுறாக் குட்டியைத் தேடுவார்கள். நான் பார்த்தது கிளிமீனை! கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் மெய்யாகவே கேட்கிறது, இதில் மனைவியும் சாட்சி. பாறையைக் கறுக் கறுக்கென்று கடித்து, பாசியை எடுத்துக்கொண்டு, பின்னால் வெண்மணலாய்ப் பொழிந்துவிட்டுப் போகிறது. நீலச் சேர்ஜன் மீன்கள் மந்தையாய் இறங்கி ஒரு பாறையை வழித்துவிட்டு அடுத்த பாறைக்குப் போகின்றன. நான் என் தொட்டியில் குழாயும் தூரிகையும் வைத்துப் படாத பாடு படுகிற வேலையை ஆயிரம் வாய்கள் சம்பளமில்லாமல் செய்கின்றன! அந்த வாய்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கரீபியன் கடல் இருக்கிறது. 1983 இல் பனாமா அருகே தொடங்கிய ஒரு நோயில் நீள்முள் கடல்முள்ளெலிகள் 90 வீதத்துக்கு மேல் செத்தன, மீனை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள், ஜமைக்காவில் 4 வீதமாக இருந்த பாசி பத்துப் பதினைந்து வருடத்தில் 92 வீதம். நம் ஹிக்கடுவையிலும் 1998 இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தபோது முதலில் வந்து குடியேறியது பாசிதான். அங்கே ஆறடித் தொட்டிக்காரன் போய் என்ன செய்துவிட முடியும்? முகக்கண்ணாடிக்குள்ளேயே எனக்குக் கண் கலங்கியது, உப்புத் தண்ணீர் என்று சமாளித்தேன்.

இளஞ்சிவப்பை வைத்துவிட்டு இவ்வளவு நேரம் கதைத்திருக்கிறேன்! எல்லாப் பாசியையும் விரட்டுகிற மனிதன் மேல்தொட்டிக்குக் கைகூப்பி வரவேற்கிற ஒரே பாசி, கோரலைன். சுண்ணாம்பை உடம்பில் ஏற்றிக்கொண்டு பாறையோடு பாறையாய்ப் படருகிற பாசி. அது படர்ந்த இடத்தில் முடிப்பாசிக்குக் காலூன்ற இடம் குறைவு. பவளக் குஞ்சுகள்கூடக் கடலில் குடியேற இடம் தேடும்போது சில கோரலைன் வகைகளைத்தான் நம்பி இறங்குமாம். எனக்கு அது ஒரு நத்தையின் முதுகில் ஏறி வந்தது. கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம், மகனீசியம் 1300, காரத்தன்மை ஜேர்மன் அளவில் 8 என்று இம்மி பிசகாமல் பிடித்துவைத்துக் காத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பல் நிறச் சீமெந்தில், பம்பிக்குப் பின்னால், குண்டூசித் தலையளவு ஒரு புள்ளி! முதலில் மகளின் நகப்பூச்சு என்று நினைத்தேன். சுரண்டினேன், வரவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு கைவிளக்கை அடித்துப் பார்த்தேன், ஓரம் வெளுத்து, நடு ரோசாவாய், கல்லாகவே இறுகி உட்கார்ந்திருந்தது. வாசனைத் தோட்டத்து மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார், கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "என்ன தம்பி, மீன் குஞ்சு பொரிச்சிருக்கா?" என்றார். புள்ளியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுக்கா?" என்றார். இதுக்குத்தான் மாமா, இதுக்கேதான்!

இப்போது பம்பிக்குப் பின்னால் உள்ளங்கையளவு இளஞ்சிவப்பு. ஒரா அதைத் தொடுவதில்லை, பிளெனி அதன்மேல் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார். அடுத்ததாக ஒரு கடல்முயல் வாங்கப் போகிறேன். முடிப்பாசியைத் தின்னும் வேகத்தில் அதற்கு நிகர் இல்லையாம், பயந்தால் ஊதா மை கக்குமாம், மை என்றதும் மகள் நாள் குறித்துவிட்டாள். அலுவிகாரைப் பக்கம் வருகிறவர்கள் விளக்கு எரிகிற நேரம் பார்த்து, பின்னேரம் ஐந்துக்கு முன் வாருங்கள், குமிழி ஏறுவது அப்போதுதான் அழகு. நுணுக்குக்காட்டியில் இரண்டு பேருக்கு மேல் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. முதல் ஆள் நான்.